மடிக்கணினிக்குக் காய்ச்சல் இல்லை

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியின் மேல் ஒரு நாள் மகள் தன் ஈர சாக்ஸைக் காயப் போட்டாள். கால் மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.

"அப்பா, இது நல்லா வேலை செய்யுது," என்றாள்.

அந்த இயந்திரத்தைப் பற்றி அதுவரை யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அவனை அலுவலகத்தில் சுருக்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். கிளைகள் அனுப்பும் தலையணை அளவு அறிக்கைகளை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி மேலே அனுப்புவது அவன் வேலை. மேலே இருப்பவர்கள் அதை இன்னும் மேலே அனுப்புவார்கள். அதற்கு மேல் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. ஆள் பேசுவதும் வேலையைப் போலத்தான். போன வருடம் மனைவி இறந்த பிறகு இன்னும் சுருங்கிவிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்". எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் "ம்". கேட்டவர்கள் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொண்டார்கள்.

மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளி மதியமே விட்டுவிடும். அதற்கு மேல் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால், நிறுவனம் மனிதாபிமான அடிப்படையில் அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் வீட்டுப்பணி அனுமதி கொடுத்திருந்தது. மனிதாபிமானம் ஒரு பக்கம், நிபந்தனைகள் நான்கு பக்கம். அதில் முக்கியமானது விளக்கு. அவனுடைய மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தால், பிரிவு அதிகாரியின் திரையில் அவன் பெயருக்கு எதிரே பச்சை எரியும். வேலை நேரத்தில் அது அணைந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் ஊழியர் இடத்தை விட்டு எழுந்து போய்விட்டார் என்று பொருள். ஒரு மாதத்தில் இருபது சிவப்பு விழுந்தால் அனுமதி ரத்து.

அனுமதி ரத்தானால் மகளை அக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அது ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். அக்கா நல்லவள். "அனுப்பி வைடா, என் புள்ளைங்களோட புள்ளையா வளரட்டும்," என்று சொல்லி, அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தும் வைத்துவிட்டாள். அந்தக் காலித் தட்டின் புகைப்படத்தை அவனுக்கு அனுப்பியிருந்தாள். அவன் அதை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

இப்படி எல்லாம் ஒரு விளக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் மடிக்கணினி சூடாக ஆரம்பித்தது. முதலில் விசிறி இரைந்தது. பிறகு அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி ஆனது. பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், பட்டென்று அணைந்தது. ஆறிய பிறகு போட்டால் ஓடும். சூடானால் அணையும். மாதம் பாதி தாண்டுவதற்குள் பதினோரு சிவப்பு.

பிரிவு அதிகாரி கூப்பிட்டார். எல்லாருக்கும் அவர் மேடம்.

"சுருக்கம், இன்னிக்குக் காலையிலேருந்து ரெண்டு தடவை எழுந்து போயிருக்கீங்க."

"போகல மேடம். மெஷின் சூடாகி அணைஞ்சிடுச்சு."

"அணைஞ்சா நீங்க போயிட்டீங்கன்னு அர்த்தம்."

"நான் அதே நாற்காலியிலதான் இருந்தேன்."

"நீங்க இருந்தேங்கறீங்க. சிவப்பு இல்லேங்குது. நான் யாரை நம்பறது?"

"என்னை நம்பலாம் மேடம்."

"எப்படிப்பா? உங்களுக்கு விளக்கு இல்லையே," என்றார் மேடம். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

விசிறியில் தூசி அடைத்திருக்கும் என்பது அவன் ஊகம். திருகுகளைக் கழற்றி, ஒரு பிரஷ்ஷால் தட்டினால் பத்து நிமிட வேலை. ஆனால் திருகுகளின் மேல் நிறுவனத்தின் முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. அது கிழிந்தால் வேலை போகும் என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதனால் ஒழுங்கான வழியில் போவது என்று முடிவு செய்து, அன்று ஒரு நாள் மட்டும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மடிக்கணினியை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு கணினி நலப் பிரிவுக்குப் போனான்.

நலப் பிரிவில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"தானே அணைஞ்சிடுது. நான் திரும்பப் போடறேன். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை."

"அப்பறம் என்ன சார்? பாதி வேலையை அதுவே பண்ணிக்குது. நல்ல மெஷின்."

"ரொம்பச் சுடுது. சூடு எவ்வளவுன்னு பாத்துச் சொன்னீங்கன்னா போதும்."

ரீஸ்டார்ட் சந்தோஷப்பட்டார். வெப்பநிலை பார்ப்பதற்கு நலப் பிரிவில் கருவி இருந்தது. ஒரு காலத்தில் வாசலில் நின்று வருகிறவர்கள் நெற்றியில் எல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார்களே, அந்தத் துப்பாக்கி. நெற்றிகள் ஓய்ந்த பிறகு அது இங்கே மாற்றலாகி வந்திருந்தது. ஆனால் ஒரு விதி. ஓடுகிற இயந்திரத்தைக் கவுன்டருக்கு உள்ளே எடுக்கக் கூடாது. எப்போதோ ஒரு மடிக்கணினி புகைந்து கம்பளத்தில் ஓட்டை விழுந்துவிட்டதாம். ஓட்டையைக் காட்டினார். அதைச் சுற்றி ஒரு சின்னக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள்.

"அணைச்சுக் குடுங்க. நல்லா ஆறட்டும். ஆறினதும் சூடு பாத்துடலாம்."

"ஆறினப்பறம் சூடு எப்படி சார் இருக்கும்?"

"அதைத்தானே பாக்கப் போறோம்?"

டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். வெகு நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ரீஸ்டார்ட் துப்பாக்கியை நீட்டினார். டிங் என்றது.

"இருபத்தி நாலு! இந்த ரூம் ஏசியும் இருபத்தி நாலு. எவ்வளவு கட்டுப்பாடா இருக்கு பாருங்க."

"ஆன்ல இருக்கும்போதுதான் சார் சுடும்."

"ஆன்ல இருந்தா எதுதான் சார் சுடாது? அடுப்பு சுடல? அயர்ன் பாக்ஸ் சுடல? அதையெல்லாம் தூக்கிட்டு வர்றீங்களா?" என்று சொல்லியபடியே 'வெப்பநிலை இயல்பு' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்.

சுருக்கம் வழக்கத்துக்கு மாறாக ஒரு நீண்ட வாக்கியம் பேசினான். பிராசஸருக்குள்ளேயே சூட்டை அளக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஒரு சின்ன புரோகிராம் போட்டால் அந்த எண் திரையிலேயே தெரியும், ரெண்டு நிமிஷம்தான் ஆகும் என்றான். அவன் கணினியில் எந்தப் புரோகிராமும் போட அவனுக்கு உரிமை இல்லை. ரீஸ்டார்ட்டுக்கு இருந்தது.

ரீஸ்டார்ட்டின் முகம், பொது இடத்தில் யாரோ சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி ஆனது. "உள்ளே இருக்கறதையா?" என்று குரலைத் தாழ்த்தினார். "நாங்க வெளிப்பக்கம் மட்டும்தான் சார். உள்பக்கம்னா பாதுகாப்புப் பிரிவு."

பாதுகாப்பு அதிகாரி ஏதோ ஒரு சீருடையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். சீருடைதான் போயிருந்தது. நெஞ்சு அப்படியே நிமிர்ந்திருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, ஒரு மெஷினோட உள்சூடு எவ்வளவுன்னு வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்?"

"விசிறியைச் சுத்தம் பண்ணுவாங்க சார்."

"அது உங்க பார்வை. எதிரி எப்படிப் பாப்பான்? சூடு அதிகமா இருந்தா, இங்க வேலை நடக்குது. சூடு கம்மியா இருந்தா, யாரும் வேலை செய்யல. கணக்கு அவ்வளவுதான்." நாற்காலியில் சாய்ந்தார். "இந்த நிறுவனத்துல எவ்வளவு வேலை நடக்குதுங்கறதை இத்தனை வருஷமா ஒரு ஈ காக்காய்க்குக் கூடத் தெரியாம காப்பாத்திட்டு வர்றோம். உங்க ஒருத்தருக்காக அதைத் திறந்து காட்டச் சொல்றீங்களா?"

"எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும் சார். வெளியில சொல்ல மாட்டேன்."

"எங்களுக்கே தெரியாதே தம்பி. உங்களுக்கு எதுக்கு?"

இருந்தாலும் அவர் இரக்கமில்லாதவர் அல்ல. சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்று கேள்விப்பட்டு, விஷயத்தைக் குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் நிம்மதி பரவியது. பாரத்தை இறக்கி வைத்தவரின் நிம்மதி.

குழு கூடும்வரை வீட்டு வைத்தியம் நடந்தது. மடிக்கணினியின் நான்கு மூலைக்கும் நான்கு கரண்டியை முட்டுக் கொடுத்து, காற்று போக வழி செய்தான். மேஜை விசிறியை நேரே திருப்பினான். ஃப்ரிட்ஜிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்து அடியில் வைத்தான். தட்டு தண்ணீர் விட்டதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. பள்ளியிலிருந்து வந்த மகள், யூனிஃபார்மைக் கூட மாற்றாமல், நோட்டு அட்டையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள்.

"கை வலிக்கும். விடு."

"இது அணையாம இருந்தா நான் அத்தை வீட்டுக்குப் போக வேணாம்தானே?"

அவன் ஒரு கரண்டியை நகர்த்தி வைத்தான். இவளுக்கு இதை யார் சொன்னார்கள், அக்காவோடு போனில் பேசியதை ஒட்டுக் கேட்டிருப்பாளோ என்று யோசித்தான். அவள் வலது கையிலிருந்து அட்டையை இடது கைக்கு மாற்றி, மறுபடி வலது கைக்கு மாற்றி, விசிறிக்கொண்டே இருந்தாள். விசிறியபடியே தூங்கியும் போனாள். அவள் தலை சாய்ந்த அடுத்த நிமிடம் பட்டென்று அணைந்தது. பதினெட்டு.

மறுநாள் குழு கூடியது. ஒரு தலைவர், மேடம், பாதுகாப்பு அதிகாரி, ரீஸ்டார்ட். காய்ச்சல் சம்பந்தப்பட்டது என்பதால் நிறுவனத்தின் மருத்துவரையும் சேர்த்திருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் கூட்ட அறையின் ஏசியைப் பற்றிப் பேசினார்கள். தலைவருக்கு வியர்த்தது. மேடத்துக்குக் குளிர்ந்தது. கடைசியில் ஏசியை வைத்தபடியே வைத்து, மேடத்துக்கு ஒரு சால்வை வரவழைத்து, அதை முதல் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

பிறகு தலைவர் பேசினார். முப்பது வருடங்களாகத் தலைவராக இருப்பவர் பேசும் பேச்சு.

"இந்த சூடு, சூடுங்கற பேச்சே இப்ப வந்ததுதான். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இந்த நிறுவனத்துல ஒரு லாப்டாப் கூடக் கிடையாது. நெஞ்சுல கை வெச்சுச் சொல்றேன், அப்ப ஒரு லாப்டாப் கூட சூடானதில்ல. எல்லாம் வசதியைக் குடுத்தப்பறம் வர்ற வியாதி. நான் குறையாச் சொல்லல. என் லாப்டாப்பும்தான் இருக்கு. வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. தொட்டுப் பாருங்க, பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஒரு நாள் கூடத் திறந்ததில்ல. வெச்சுக்கறதுல இருக்கு எல்லாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் புரோகிராமைப் போட ஒரே ஒரு தடவைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் உள்சூடு நிறுவனத்தின் ரகசியம் என்பதால், எண் திரையில் தெரியும் நேரத்தில் சுருக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி நிபந்தனை போட்டார். ஒன்றாம் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாதவர்களை நிறுத்துவது போல அவனை மூலையில் நிறுத்தினார்கள். காதைப் பற்றி நிபந்தனையில் எதுவும் இல்லாததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

விசிறி இரையத் தொடங்கியது. ரீஸ்டார்ட் எண்ணை உரக்கப் படித்தார். "அறுபத்தி எட்டு. எழுபத்தி ஒன்பது. எண்பத்தி எட்டு. ஏறுது சார்."

"ஏறறது நல்லதுதானே," என்றார் தலைவர். எண்கள் ஏறுவதைக் கேட்டுப் பழகியவர்.

"தொண்ணூத்தி ஏழுல நிக்குது சார்."

"நூத்துக்குத் தொண்ணூத்தேழா? என் பையன் வாழ்நாள்ல அவ்வளவு வாங்கினதில்ல."

மருத்துவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "நார்மல் தொண்ணூத்தெட்டரை. இது அதைவிட ஒன்னரை பாயின்ட் கம்மி. காய்ச்சல் இல்லை. கொஞ்சம் சத்துக் குறைச்சலா இருக்கலாம்."

சுவரைப் பார்த்தபடியே சுருக்கம் சொன்னான். "சார், அது செல்சியஸ். நூறுல தண்ணி கொதிக்கும்."

"தண்ணி கொதிக்கலாம்," என்றார் தலைவர். "இதுல தண்ணி இல்லையே?"

"இல்ல சார்," என்று ரீஸ்டார்ட் அடித்துச் சொன்னார். "தண்ணி பட்டா வாரன்டியே போயிடும்."

"முதல்ல, நான் கேக்கறது வேற," என்று பாதுகாப்பு அதிகாரி எழுந்துவிட்டார். "எண்ணைப் பாக்காதவருக்கு அது செல்சியஸ்னு எப்படித் தெரிஞ்சது?"

இதற்கு யாரும் பதில் சொல்வதற்குள் மடிக்கணினி பட்டென்று அணைந்தது. அதே நொடி மேடத்தின் போன் கிணுகிணுத்தது. அவர் அதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"சுருக்கம், நீங்க இடத்தை விட்டு எழுந்து போயிட்டீங்க."

"இங்கதான் மேடம் நிக்கறேன்."

"தெரியுது. கண்ணால பாக்கறேன். ஆனா பதிவாயிடுச்சே. பத்தொன்பது."

எல்லாரும் தலைவர் பக்கம் திரும்பினார்கள். சுருக்கத்துக்குச் சுவரின் பெயின்ட் வெடிப்பில் அக்காவின் அலமாரித் தட்டு தெரிந்தது.

அவர்கள் திரும்பியதற்குக் காரணம் அவன் மேல் இருந்த இரக்கம் அல்ல. இருபதாவது சிவப்பு விழுந்து மனிதாபிமான அனுமதி ஒன்று ரத்தானால், ஏன் தோற்றது என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். மேலிடம் கேள்வி கேட்கும். அதற்குப் பதில் எழுத வேண்டும். தலைவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

"அணையாம இருக்க இது எங்க இருக்கணும்?" என்று ரீஸ்டார்ட்டைக் கேட்டார்.

"நம்ம சர்வர் ரூம்ல வெச்சா அணையவே அணையாது சார். உள்ளே எப்பவும் பதினெட்டு. எஸ்கிமோ மாதிரி இருக்கும்."

"வெச்சுடு."

சுருக்கம் திரும்பினான். யாரும் திரும்பச் சொல்லவில்லை. "அப்ப நான் சர்வர் ரூம்ல உக்காந்தா வேலை செய்யணும்? எம் பொண்ணு..."

"சர்வர் ரூம்ல ஆள் உக்காரக் கூடாது," என்று பாதுகாப்பு அதிகாரி குறுக்கிட்டார். "அது விதி. நீங்க வீட்லதான் இருக்கணும். அதுவும் விதி, அனுமதியிலேயே போட்டிருக்கு."

"சரியாப் போச்சு," என்றார் மேடம். "மெஷின் இங்க. அவர் அங்க. விளக்கு பச்சை. எல்லா விதியும் பொருந்திடுது பாருங்க."

"வேலையை எதுல செய்வேன் மேடம்?"

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கேள்வி கூட்டத்தின் பொருளில் இல்லாதது.

"அதுக்குத் தனியா ஒரு குழு போடுவோம்," என்றார் தலைவர். கூட்டம் முடிந்தது. மேடம் சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவன் வெறும் துண்டோடு வீட்டுக்கு வந்தான். அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காலி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கிளை அறிக்கைகள் எங்கோ வந்து குவிந்துகொண்டிருக்கும். சுருக்கம் கேட்டு யாராவது கூப்பிட்டே ஆக வேண்டும். முதல் வாரம் பயமாக இருந்தது. இரண்டாம் வாரம் அவனே மேடத்தைக் கூப்பிட்டான். "பச்சையா இருக்கீங்களே, அப்பறம் என்ன?" என்று வைத்துவிட்டார். மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. சுருக்க அறிக்கை ஒன்று கூடப் போகாத மாதம் அது. மேலே இருந்தவர்களோ அதற்கும் மேலே இருந்தவர்களோ எதுவும் கேட்கவில்லை.

அக்காவிடம், குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னான். அவள் கொஞ்சம் அழுதாள். அலமாரித் தட்டில் தன் பிள்ளைகளின் ஸ்வெட்டரை வைத்துவிட்டாள்.

வேறு வேலை இல்லாததால் மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான். ஆரம்பத்தில் ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து, பள்ளியில் அவளைக் கேலி செய்தார்கள். இரண்டாம் மாதத்தில் இரட்டைப் பின்னலே வந்தது. ஒரு நாள் அப்படிப் பின்னிக்கொண்டிருக்கும்போது மேடம் கூப்பிட்டார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"சுருக்கம், வாழ்த்துகள்! இந்த வருஷத்தோட சிறந்த வீட்டுப்பணியாளர் நீங்கதான். ரெண்டு மாசமா ஒரு சிவப்பு கூட இல்ல. ஞாயித்துக்கிழமை கூட பச்சை. ராத்திரியெல்லாம் பச்சை. தூங்கறீங்களா இல்லையா? தலைவரே ஆச்சரியப்பட்டுட்டார்."

"மேடம், நான் வேலையே..."

"அந்த அடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது. உண்மையாச் சொல்றேன், நீங்க இல்லைன்னா இந்தப் பிரிவு ஒரு நாள் கூட ஓடாது."

இதே வாக்கியத்தை மேடம் முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். இதே அக்கறையான குரலில்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மனைவி, இன்னிக்கு ஒரு நாள் பக்கத்துல இருங்களேன் என்று கேட்டு, அவன் லீவுக்காக மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்ற அன்று. அவன் அதை நம்பினான். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். சாயங்காலம் வரை அறிக்கைகளைச் சுருக்கினான்.

"ஹலோ? சுருக்கம்? லைன்ல இருக்கீங்களா?"

"அப்பா," என்றாள் மகள். "முடியை விடுங்க. வலிக்குது."